ஒழுகாத வான்

ஒஸ்வால்ட்,

என் தம்பி றொபேட்டைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. நான் ஸ்டேஷனுக்குப் போகிறேன். சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டே வாருங்கள், வெறும் வயிற்றோடு வந்தால் அங்கேயும் கத்துவீர்கள்.

எங்கள் சாப்பாட்டு வானுக்கும் பக்கத்தில் கூரையாய்க் கட்டிய படங்குத் துணிக்கும் இடையால் மழை ஒழுகிப் பார்சல் எல்லாம் நனைகிறது என்று நேற்று அவனைத்தானே பேசினீர்கள்? “சும்மா இருந்து தின்னுறாய், ஒரு ஒழுக்கை நிப்பாட்டத் தெரியாதோ?” என்று கேட்டீர்களே. காலையில் அவன் படங்கை வானின் கூரைக்கு மேலால் போட்டு, பின் பம்பர் வரைக்கும் இழுத்துக் கட்டினான். நம்பர் பிளேட் மறைந்ததை அவனும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. கொழும்பில் இந்த நாட்களில் நம்பர் மறைத்த வானைக் கண்டால் சனம் குண்டு என்றுதானே நினைக்கும்! யாரோ அறிவித்து, பொலிஸ் வந்து தெருவையே மறித்தது. “வேன் எக்க காகெத?” என்று, வான் யாருடையது என்று சிங்களத்தில் அதட்டினார்கள். நான் வாய் திறக்குமுன் அவன், “மகே, மஹத்தயா” என்று தன்னுடையதாக்கிவிட்டான். உங்கள் பெயரை அவன் சொல்லவேயில்லை. அவனுடைய அடையாள அட்டையில் மன்னார் விலாசம் வேறு, வடக்கு ஆள் என்றால் சந்தேகம்தானே.

அலுமாரிப் பூட்டின் திறப்பு உங்களிடம். அதற்குள் இருக்கும் வான் பதிவுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து, “வான் என்னுடையது” என்று நீங்களே சொல்லுங்கள். பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

கொன்ஸ்ரன்ஸ்

இன்னொன்று. முடிச்சு அவிழாமல் பொலிஸ்காரன் கயிற்றைக் கத்தியால் அறுத்தான். அதுவரை நல்ல மழை. பார்சல்களைத் தொட்டுப் பார்த்தேன், ஒன்றுகூட நனையவில்லை.