நம் இருவருக்கும் பொதுவான தூண்

அக்கா, இன்று காலை கடையைத் திறந்தபோது வாசல் நடைபாதை, நம் அஞ்சடியெல்லாம் ஈரச் சுண்ணாம்பு வாசனை. உங்கள் பூஜைச் சாமான் கடைக்கும் என் தையல் கடைக்கும் நடுவில் நிற்கும் தூணுக்குக் கொத்தனார் பூசிக்கொண்டிருந்தார். உங்கள் மேல் எனக்கு வந்த அந்தப் பழைய கோபம்தான் முதலில் ஞாபகத்துக்கு வந்தது.

கூலிம் பட்டணத்தில் நம் கடை வரிசையைப் பாரம்பரியக் கடைகள் என்று அறிவித்த வருடம் அது. உள்ளே அலமாரி மாற்றலாம், பின்னால் கூரை மாற்றலாம். தெருவைப் பார்த்த முகப்பில் கைவைக்க மட்டும் நகராண்மைக் கழகத்தில் அனுமதி வாங்க வேண்டும். தீபாவளிக்குச் சாயம் பூசவுமா கேட்பார்கள்? வருடா வருடம் செய்வதுதானே என்று முகப்புக்கும் தூணுக்கும் பளபளவென்று மஞ்சள் எண்ணெய்ச் சாயம் அடித்துவிட்டேன். நான்காம் நாள் கழகத்திலிருந்து கடிதம் வந்தது. யார் போட்டுக் கொடுத்தது என்று நான் கத்திக்கொண்டிருந்தபோது நீங்களே வந்து நின்றீர்கள்.

"நான்தான் சொன்னேன். ரெண்டு தடவ வேணாம்னேன், கேட்டியா? தூணுல பாதி என்னோடதுலா."

"கூடப் பொறந்தவளா நெனச்சேனே!"

"கூடப் பொறந்தவளா இருந்தாலும் சொல்லியிருப்பேன்."

மூன்று வாரம் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. மழை பிடித்தது. சுண்ணாம்புச் சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் சாயம் கொப்புளம் கொப்புளமாக எழும்பி, பூச்சையும் பெயர்த்துக்கொண்டு விழுந்தது. நீங்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சுரண்டியோடு வந்தீர்கள். சுரண்டிய நேரம் முழுக்க "சொன்னேன்ல, சொன்னேன்ல" என்று என் உயிரை வாங்கினீர்கள். அப்புறம் அனுமதிப் பாரத்தையும் கூடவே உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தீர்கள்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. தொழிற்சாலை வேலையை விட்டு உங்கள் மகள் கடைக்கு வந்திருக்கிறாள். போன மாதம் பலகைக் கதவை எடுத்துவிட்டுக் கண்ணாடி போடவும், தூணில் பளிங்குக் கல் ஒட்டவும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் சொல்லிவிட்டாள்.

"நீங்க சொல்லலன்னா யாருக்குத் தெரியும் ஆண்ட்டி? அம்மா இருந்தா விட்டிருப்பாங்க."

"ஒங்கம்மாவா? நல்லா விட்டாங்க! தூண்ல கை வச்சா திங்கக்கிழம நான்தான் போய்ச் சொல்லுவேன். இப்பவே சொல்லிட்டேன்."

படாரென்று கதவைச் சாத்தினாள். ஞாயிறன்று ஆள் வரவில்லை. அவளும் என்னோடு பேசவில்லை. அக்கா, அந்த மூன்று வாரம் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. இந்த முறை எனக்குச் சோறு இறங்கவில்லை.

பத்தாம் நாள் அனுமதிப் பாரத்தை என் மேசையில் போட்டு, "கலர் எங்க எழுதணும்?" என்றாள். அனுமதி கிடைத்துவிட்டது. பலகைக் கதவு அப்படியே இருக்கும், கண்ணாடி அதற்கு உள்பக்கம் வரும். தூணுக்குச் சுண்ணாம்பு.

இன்று காலை எனக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வாயில் வைத்தால், ஒரு துளி சர்க்கரை இல்லை. கோபம் இன்னும் தீரவில்லை போல. இருக்கட்டும், குடித்துவிட்டேன். எனக்காக நீங்கள் காத்திருந்தீர்களே, அவளுக்காக நான் காத்திருக்க மாட்டேனா?