ஏழே கால் பவுண்டுத் துப்பாக்கி

ஆகஸ்ட் 9, ஞாயிறு
ஆலயத்தில் இன்று பொறுமையைப் பற்றிய வேதப் பகுதியை வாசித்தேன். வாசலிலேயே அதற்குச் சோதனை. எங்கள் பள்ளத்தாக்கின் வேட்டையை நடத்தும் பண்ணைக்காரர் புரோபர்ட் என் கையைக் குலுக்கியபடியே, "வாத்தியாரே, போன வருஷம் மூணு ஃபெசன்ட் கோழியக் காயத்தோட ஓட விட்டீங்க. இந்தத் தடவை முதல் நாளே ஒண்ணு ஓடுச்சுன்னா, உங்க எடத்தப் பல் டாக்டருக்குக் குடுத்துருவேன்" என்றார்.

முப்பத்தோராண்டுகள் நான் நின்று சுட்ட இடம்! குற்றம் என் பழைய துப்பாக்கியுடையது. இதில் ஐயமில்லை.

ஆகஸ்ட் 12, புதன்
எங்கள் இரும்புப் பெட்டியில் ஒரு துப்பாக்கிக்கே இடமுண்டு. இன்னொரு பெட்டி வந்தால் தான் தமக்கை வீட்டுக்குப் போய்விடுவதாக என் மனைவி ஹெஸ்டர் அறிவித்திருக்கிறாள். ஆகவே, சனிக்கிழமைகளில் பயிற்சிக்காக வானில் வீசும் களிமண் தட்டுகளையும் நவம்பரில் ஃபெசன்ட் என்னும் காட்டுக்கோழிகளையும் ஒரே துப்பாக்கியே வீழ்த்தியாக வேண்டும். நூறு தோட்டா சுட்டாலும் தோளை நோகடிக்காத கனம் தட்டுக்கு வேண்டும். நாளெல்லாம் சுமந்து மலையேறும் இலேசு வேட்டைக்கு வேண்டும்.

லட்லோ நகரத் துப்பாக்கிக் கடைக்குப் பல் மருத்துவர் கிறிஸ்பின் துணை வந்தார், அழையாமலே. அவருடைய துப்பாக்கியில் தங்க வாத்து ஒன்று பொறித்திருக்கிறது. இதுவரை அவரிடம் சிக்கிய ஒரே வாத்து அதுதான்.

எட்டுத் துப்பாக்கிகளைத் தோளில் வைத்துப் பார்த்தேன். எட்டிலும் குறை கண்டேன். நாற்பதாண்டுகள் மாணவர்களின் இலத்தீன் செய்யுளைத் திருத்தியவனுக்கு இதென்ன அரிது? கடையை நடத்தும் மிஸ் பெவன் துப்பாக்கிகளைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 15, சனி
தட்டுத் திடல். கடையிலிருந்து சோதிக்க வாங்கிச் சென்ற கனத்த துப்பாக்கியால் இருபத்தைந்துக்கு நான்கு. இலேசானதால் ஐந்து. காற்று.

ஆகஸ்ட் 16, ஞாயிறு
பிரசங்கம் முழுவதும் துப்பாக்கிக் குழலின் நீளத்தையே சிந்தித்திருந்தேன். ஆண்டவர் பொறுத்தருள்க. முப்பது அங்குலமே சரி.

ஆகஸ்ட் 19, புதன்
"ரெண்டு கண்ணையும் தெறந்து வச்சு, என் மூக்க விரலால காட்டுங்க சார்" என்றார் மிஸ் பெவன். காட்டினேன்.

"விரல் உங்க இடது கண்ணுக்கு நேரா நிக்குது. வலது கண்ணு பதவிய விட்டு எறங்கிருச்சு சார். வலது தோள்ல வச்சு இடது கண்ணால குறி பாக்குறீங்க. எட்டுத் துப்பாக்கியும் நிரபராதி."

என்னம்மா பேசுற நீ? என் கண்ணு எனக்குத் தெரியாதா?

வீட்டில் பத்து முறை செய்து பார்த்தேன். பத்து முறையும் இடது.

ஆகஸ்ட் 22, சனி
மூக்குக்கண்ணாடியின் இடது வில்லையில் மிஸ் பெவன் ஒட்டுத்தாள் ஒட்டிவிட்டார். இருபத்தைந்துக்குப் பதினேழு!

"என்ன வாத்தியாரே, கடல் கொள்ளைக்குக் கெளம்பிட்டீங்களா?" என்றார் கிறிஸ்பின். அவருக்குப் பதினொன்று.

வாங்கிவிட்டேன்: குழல்கள் மேலும் கீழுமாக அமைந்தது, முப்பது அங்குலம், ஏழே கால் பவுண்டு கனம். பெருமை பாவமென்று அறிவேன். திங்கள் முதல் வருந்துவேன்.

நவம்பர் 7, சனி
வேட்டையின் முதல் நாள்.

தட்டு புறப்படும் திசை நமக்குத் தெரியும். கோழி சொல்லிவிட்டு வருவதில்லை. இடப்புறமிருந்து வந்ததை ஒட்டுத்தாள் மறைத்துவிட்டது. தலைக்குமேல் வந்த பிறகே கண்டேன், தாமதித்துச் சுட்டேன். அதே கணம் வலப்பக்கத்தில் விருந்தினராக நின்ற கிறிஸ்பினும் சுட்டார் — அவர் குண்டு பட்டு ஓர் ஓக் மரக்கிளை முறிந்ததைக் கண்ணால் கண்டேன். கோழி இறக்கை தொங்க விழுந்து, புதருக்குள் ஓடி மறைந்தது.

"என்னோடது! என்னோடது!" என்று கூவினார் கிறிஸ்பின், அது ஓடியதை அறியாமல்.

"உங்களோடதா டாக்டர்? அப்ப நீங்களே போய்த் தேடுங்க. அப்படியே வீட்டுக்கும் கெளம்புங்க" என்றார் புரோபர்ட்.

நான் வாய் திறக்கவில்லை. நண்பகல் உணவுக்கு முன் என்னை ஜெபிக்கச் சொன்னார்கள். ஜெபித்தேன். நீண்ட, அழகிய ஜெபம். பாராட்டினார்கள்.

ஏன் பேசல? ஒரு வார்த்த — ஏன் வரல?

நவம்பர் 8, ஞாயிறு
ஆராதனைக்கு முன்பே புரோபர்ட்டிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நெடுநேரம் தொப்பியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப அந்த ஆள்கிட்டப் போய் நான் மன்னிப்புக் கேக்கணுமா? ஒரு பல்லாவது புடுங்காம விடமாட்டானே!" பிறகு, "உங்க எடம்..." என்று இழுத்தார்.

"அது அவருக்கு" என்றேன்.

நவம்பர் 14, சனி
புதுத் துப்பாக்கி இனித் தட்டுகளுக்கு மட்டும். களிமண் காயத்தோடு ஓடுவதில்லை.

இன்று கையில் கொடிக்கம்புடன், புதரைத் தட்டிக் கோழி கிளப்புவோர் வரிசையில் நடந்தேன். மாலையில் எங்கள் ஒவ்வொருவருக்கும் வழக்கப்படி ஒரு ஜோடி கோழி கிடைத்தது. ஹெஸ்டர் இறகு பறித்துக்கொண்டே வியந்தாள்: "தலையில ஒரே ஒரு ரவைக் குண்டு. துடிச்சிருக்கவே துடிச்சிருக்காது. யாருங்க சுட்டது?"

"கிறிஸ்பின்" என்றேன்.

பாவத்துக்கு வருந்தும் தவக்காலம் இவ்வாண்டு முன்னதாகவே வந்துவிட்டது.