ரசீதா கல்யாணம் 2

10 செப்டம்பர் 2025, புதன்

கம்ப்யூட்டர் மறுபடியும் மக்கர் பண்ணுது. பி.எட்.டுக்காக நான் பாடம் எடுத்த வீடியோவைச் சேமிக்கப் போனால் இடமில்லை என்கிறது. டி டிரைவில் சிவப்புக் கோடு முழுசா ஓடி முடிஞ்சிருக்கு. திங்கட்கிழமைக்குள் கல்லூரிக்கு அனுப்பணும்.

உட்கார்ந்து குப்பையைக் கூட்டினேன். என் வீட்டுக்காரர் ரியாத்திலிருந்து லீவில் வந்தப்போ ஏத்தின சினிமா எல்லாம் போச்சு. அப்புறம்தான் பார்த்தேன், நாத்தனார் கல்யாண போட்டோ ரெண்டு தடவை கிடக்கு. 'ரசீதா கல்யாணம் 1', 'ரசீதா கல்யாணம் 2'. ரெண்டிலும் முதல் படம் அதே பத்திரிகை, அடுத்தது அதே மண்டப வாசல். யாரோ ரெண்டு தடவை காப்பி பண்ணியிருக்காங்க. இரண்டாவதை ஷிப்ட்டை அமுக்கி ஒரேயடியாக அழிச்சேன், ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல். நாற்பது ஜிபி! வீடு முழுக்க ஒட்டடை அடிச்ச மாதிரி இருந்தது. உடனே வீடியோவை ஏத்திட்டேன்.

11 செப்டம்பர், வியாழன்

காலையில் ரசீதா புருஷன் ஊரிலிருந்து, கடையநல்லூர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கையில் பெரிய பை. அழுது அழுது முகம் வீங்கியிருக்கு.

மாப்பிள்ளை துபாயிலிருந்து அவங்க ஊர் பள்ளிவாசல் ஜமாத்துக்கு எழுதியிருக்கானாம், தலாக் வேணும்னு. காரணம் என்னன்னா, அவள் இடது கையில் முழங்கைக்கு மேலே இருக்கிற தழும்பு. சின்ன வயசில் வெந்நீர் கொட்டினது. "தழும்பை மறைச்சு எங்க தலையில கட்டிட்டாங்க"ன்னு அவனைப் பெத்த உம்மா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாம்.

பெத்த மகளாச்சே, மாமி கொதிச்சுப் போயிட்டாங்க. "மறைச்சோமா? மருதாணி அன்னைக்கு அந்தக் கையப் பிடிச்சு மருதாணி வச்சதே அவதானட்டி! போட்டோ இருக்குல்லா. ருக்ஸானா, எடு. அவ மூஞ்சிக்கு நேரா நீட்டுவோம்."

'ரசீதா கல்யாணம் 1'-ஐத் திறந்தேன். தொப்பி, தாடி, பிரியாணி சட்டி. கடைசிவரை தள்ளித் தள்ளிப் பார்த்தேன். மருந்துக்குக்கூட ஒரு பொம்பளை இல்லை.

எங்க கல்யாணங்களில் ஆண்கள் பக்கம் வேற, பெண்கள் பக்கம் வேற. படம் எடுக்கிறதும் தனித்தனி; பத்திரிகையும் மண்டப வாசலும் மட்டும்தான் ரெண்டுக்கும் பொது. இது எனக்குத் தெரியாதா? என் கல்யாணமும் அப்படித்தானே நடந்தது? நான் அழிச்சது காப்பி இல்லை. பெண்கள் பக்கம். முழுசா.

"சிஸ்டம் ஹேங் ஆகுது மாமி"ன்னு சொல்லி அணைச்சுட்டேன். யா அல்லாஹ், என்ன பண்ணித் தொலைச்சேன்?

அதே நாள், சாயங்காலம்

வேற எங்கே இருக்கும்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சதுதான் மிச்சம். ஆல்பம்? ஆண்கள் பக்கத்துக்கு மட்டும்தான் போட்டாங்க. பொம்பளைங்க படம் வெளியூர் லேபுக்குப் போனா நாலு பேர் பார்ப்பான்னு மாமி விடலை. மருதாணி அன்னைக்கு எல்லார் போனையும் வாங்கிக் கூடையில் போட்டதும் மாமிதான். பெண்கள் பக்கம் படம் எடுத்த சண்முகப்ரியாவோட ஸ்டுடியோவுக்குப் போய், அவ தன் கம்ப்யூட்டரில் அத்தனையும் அழிக்கிறவரை மாமி நாற்காலியை விட்டு எந்திரிக்கலை. அப்போ சிரிச்சேன். இப்போ அழுகிறேன்.

மொட்டைமாடிக்குப் போய்ப் பிரியாவுக்குப் போன் போட்டேன்.

"அழிச்சதுக்கு அப்புறம் அதுல எதையும் ஏத்துனீங்களாக்கா?"

ஏத்தினேனே. என் வீடியோ.

"அப்ப கொஞ்சம் படம் அதுக்கடியில போயி அழிஞ்சிருக்கும். இனிமே சிஸ்டத்தத் தொடாதீங்க. ஆன்கூடப் பண்ணாதீங்க. கடையில கொடுத்துராதீங்க, அங்கன இருக்கது பூரா பயலுவ. ஞாயித்துக்கிழமை நானே வாரேன்."

நான் சாக்பீஸும் கையுமா நின்னு பேசுற வீடியோ. அதுக்கடியில் ரசீதாவோட வாழ்க்கை.

12 செப்டம்பர், வெள்ளி

ஜமாத் கூட்டம் 21ஆம் தேதி. மாமி ரெண்டு தடவை போட்டோ கேட்டாங்க. ரெண்டு தடவையும் பொய். சோறு இறங்கலை.

13 செப்டம்பர், சனி

சொல்லிட்டேன். பிரியா வந்தால் மறைக்க முடியாதே. அடுப்படியில் வச்சு, ஒரே மூச்சில்.

ரசீதா என்னையே பார்த்தாள். "மைனி, நீங்களா?" அவ்வளவுதான் கேட்டாள். அதுக்கு ரெண்டு அறை அறைஞ்சிருக்கலாம்.

மாமி ஏசுவாங்க, பி.எட்.டாவது மண்ணாங்கட்டியாவதுன்னு புத்தகத்தைத் தூக்கி எறிவாங்கன்னு நினைச்சேன். ஏசலை. வெங்காயம் நறுக்கிக்கிட்டே இருந்தாங்க. மூணு பேருக்கு எதுக்கு அவ்வளவு வெங்காயம்?

14 செப்டம்பர், ஞாயிறு

பிரியா வெளி டிஸ்க்கோட காலையிலேயே வந்துட்டா. அழிஞ்சதைத் தேடுற சாப்ட்வேரை ஓட விட்டா. நாலு சதவீதம். டீ குடிச்சிட்டு வந்து பார்த்தால் ஐந்து. கரண்ட் போயிரக் கூடாதேன்னு ஃபேனைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். தெரிஞ்ச துஆ எல்லாம் ஓதியாச்சு.

படம் எல்லாம் பேரில்லாமல், வெறும் எண்ணோடு வந்தது. நிறைய திறக்கவே இல்லை. திறந்ததில் பாதிக்கு மேல் வெறும் சாம்பல் நிறம். ரசீதாவோட நெற்றி தெரியும், அதுக்குக் கீழே சாம்பல். அடுத்ததும் அப்படி. அதுக்கடுத்ததும். ரசீதா எந்திரிச்சு உள்ளே போயிட்டாள்.

சாயங்காலம் அஸர் பாங்கு சொல்லும்போது ஒண்ணே ஒண்ணு முழுசா வந்தது. ரசீதாவோட கை, தழும்பு பளிச்சுன்னு. அந்தக் கையைப் பிடிச்சபடி மாப்பிள்ளையோட உம்மா, முன்னால் மருதாணிக் கிண்ணம். பக்கத்தில் மாமி. முக்காடு தோளில் கிடக்க, முடியெல்லாம் தெரிய, வாயைத் திறந்து சிரிக்காங்க.

எனக்குச் சந்தோஷமே வரலை. ஜமாத்தில் உட்கார்றது அத்தனையும் ஆம்பளைங்க.

"அம்மா, உங்கள மட்டும் வெட்டி எடுத்துருதேன்"னு பிரியா மெதுவா சொன்னா.

மாமி ஸ்கிரீனை விட்டுக் கண்ணை எடுக்கலை. "வெட்டாத தாயீ. வெட்டுனா, வெட்டி ஒட்டிக் கொண்டாந்திருக்காகன்னு சொல்லுவா. அப்படியே பெருசாப் போடு."

"உங்க தலை தெரியுதே மாமி..."

"தெரியட்டும். எம்புள்ள பொய்க்காரின்னு பேரெடுக்கதுக்கு அது தேவல."

16 செப்டம்பர், செவ்வாய்

என் வீடியோவை ஒரு நாள் பிந்தி அனுப்பினேன். அந்தப் படத்தை மூணு இடத்தில் வச்சிருக்கேன். இருக்கான்னு மணிக்கொரு தரம் திறந்து பார்க்கிறேன்.

21 செப்டம்பர், ஞாயிறு

கடையநல்லூர் போய்ட்டு வந்தோம். ஹாலில் ஆண்கள், பக்கத்து அறையில் நாங்க, நடுவில் திரை. எங்களுக்கு எதிரே மாப்பிள்ளையோட உம்மா. மாமி கவரைத் திரைக்கு அந்தப் பக்கம் நீட்டினாங்க. படம் கைமாறிக் கைமாறிப் போறது கேட்டது. யாரோ இருமினார். மாமி அசையலை, ஆனா முக்காட்டு நுனியை முறுக்கின விரல் வெளுத்துப் போயிருந்தது.

"இதுல இருக்கது நீங்கதானம்மா?"ன்னு தலைவர் கேட்டார்.

அந்தம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, "ஆமா."

"அப்ப தெரிஞ்சுதான கட்டுனீங்க? மறைச்சதாச் சொன்னது செல்லாது. பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க."

"சரி, வரச் சொல்லுங்க"ன்னு அந்தம்மா தரையைப் பார்த்துக்கிட்டே சொல்லிச்சு.

பதினோரு நாளில் அப்போதான் ஒழுங்கா மூச்சு விட்டேன். விட்டு முடிக்கலை, ரசீதா வாயைத் திறந்தாள்.

"நான் போகல."

அவ்வளவு மெல்லமா சொன்னாள். ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கே பாதிதான் கேட்டது. திரைக்கு அந்தப் பக்கம், "பிள்ளை என்ன சொல்லுது?"

இவ்வளவு பாடும் இதுக்கா? மாமி இப்போ அவளைக் கொன்னே போடுவாங்கன்னு நினைச்சு, அவ கையைப் பிடிச்சு அமுக்கினேன். சும்மா இருன்னு.

மாமி என் கையை விலக்கிவிட்டாங்க. ரசீதா பக்கம் திரும்பினாங்க.

"சத்தமாச் சொல்லுட்டி. அங்கன கேக்கல."