அண்ணன் கொடுத்த பலாக்கொட்டை

ஆனி, வெள்ளி இரவு.

அண்ணன் தன் தோட்டத்துத் தேன்பலாவின் கொட்டையைக் கொடுத்து, நாங்கள் நட்ட மரம் இந்த வருஷம்தான் காய்த்தது. இன்று அண்ணன் வந்திருந்தபோது முதல் பழத்தை வெட்டினோம். சுளை சப்பென்று இருந்தது.

"வேணும்னே மட்டமான கொட்டையக் குடுத்திருக்கீங்க மச்சான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அதே மரத்துக் கொட்டைதானுங்க மாப்ள. சுளை தாய்மரத்தோடது. கொட்டைக்குள்ள பாதி, மகரந்தம் குடுத்த மரமுங்க. அது எப்பத் தலைகாட்டும்னு யாருக்குத் தெரியும்? அதே ருசி வேணும்னா ஒட்டுதான் கட்டோணும்."

இவர் கேட்கவில்லை. அண்ணனை அறைந்து, கீழே தள்ளி மிதித்தார். அண்ணன் வாயெல்லாம் ரத்தம். பழம் வெட்டின அருவாளை எடுத்து இவர் தோளில் வெட்டினேன். இவரை ஆஸ்பத்திரியில் தையல் போட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள்.

நான் அம்மாவை உரித்து வைத்த மாதிரி, சாது என்பார்கள். சின்ன வயதில் அப்பா அருவாளோடு அம்மா மேல் பாய்ந்தபோதெல்லாம் அண்ணன்தான் குறுக்கே விழுந்து தடுக்கும்.

இன்று நான் மறுபடி ஓங்கியபோதும் அண்ணன்தான் எழுந்து வந்து கையைப் பிடித்தது. என் முகத்தைப் பார்த்தபடி கெஞ்சியது:

"அப்பா, வேண்டாங்கப்பா."