பட்டுவின் ஆயுசு

நவம்பர் 10, ஞாயிறு

சாக்லேட் கடை லீவு. பட்டுவுக்குக் குளம்பு வெட்டினேன். காலைப் பிடித்தால் எஸ்டேட் லைன் வீடுகள் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தும். வயிற்றைச் சொறிந்துகொடுத்தால் அப்படியே சாய்ந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் வெட்டிவிட வேண்டும். ஒரு கை சொறிய, ஒரு கை வெட்ட.

பக்கத்து வீட்டு மருதமுத்து மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கிறிஸ்துமஸ், பொங்கல் என்றால் இந்த எஸ்டேட்டில் பன்றி அறுக்கிறவர் அவர்தான்.

"என்னா மோனிகா, நகம் வெட்டியாச்சு. பாலிஷ் போடலையா?"

"எந்தக் கலர்னு அதுகிட்டதான் கேட்டுட்டு இருக்கேன் மாமா."

"பொங்கலுக்குள்ள இன்னும் நல்லா சதை போட்டுரும் புள்ள."

"பதினஞ்சு வருசம் வாழும் மாமா. இதுக்கு நாலுதான் ஆகுது."

"பன்னிக்கு ஏது பதினஞ்சு வருசம்? என் கைக்கு வந்ததுல ஒண்ணுகூட ரெண்டைத் தாண்டல."

"உங்க கைக்கு வந்தா எப்படித் தாண்டும்?"

வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு பன்றி எத்தனை வருஷம் வாழும் என்று இந்த மலையில் யாருக்கும் தெரியாது. வாழ விட்டுப் பார்த்தால்தானே தெரியும்.

நவம்பர் 13

போனில் அந்த ஹோம்ஸ்டே விளம்பரம் வந்தது. இன்னும் பட்டுவின் படத்தைத்தான் போட்டிருக்கிறார்கள் — டீ கப்புக்குள் உட்கார்ந்த குட்டி. நான் அங்கே ரூம் துடைத்துக்கொண்டிருந்தபோது எடுத்த படம். கப்பைப் பிடித்திருந்த கை என்னுடையது. கையை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

'இது வளரவே வளராது' என்று யாரோ சொல்லி பெங்களூரிலிருந்து வாங்கி வந்தது. பட்டன் என்று பெயர் வைத்தார்கள். வருகிற பிள்ளைகள் எல்லாம் சிப்ஸ் போட்டார்கள். ஒரு வருஷத்தில் சோபாவைவிடப் பெரிதானது. 'யாராவது கறிக்குக் கேட்டா குடுத்துருங்க' என்றார் ஓனர். நான் கூட்டி வந்துவிட்டேன். அதோடு அந்த வேலையும் போனது. அம்மா வாயில் பட்டன் நுழையவில்லை. பட்டு ஆக்கிவிட்டது.

வந்த அன்று அம்மா சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. "சிலோன்ல இருந்து வந்தவுகன்னு ஒரு பேரு, கொழுந்து எடுக்குறவுகன்னு ஒரு பேரு. இனி பன்னி மேய்க்கிறவுகன்னும் சொல்லட்டும்."

அது மூன்று வருஷத்துக்கு முன்னால். இன்று கொழுந்து எடுத்துவிட்டு வந்து, கால் கழுவுவதற்கு முன்னால் அம்மா தேடுவது என்னையில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

மூன்று நாளாகப் பட்டுவுக்கு இருமல். மூச்சு விடும்போது விலா எலும்பு குதிக்கிறது. பக்கத்தில் உள்ள மாட்டாஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "பன்னிக்கா? பன்னிக்கு எதுக்கும்மா வைத்தியம்?" என்று எடுத்தவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். திட்டுவதற்குள் வைத்துவிட்டார்.

டக்ளஸ் அண்ணன் கேரட் லோடு இறக்கிவிட்டு வந்த பிக்கப்பில் ஊட்டிக்குக் கூட்டிப் போனோம். அம்மாவும் வந்தது. பின்னால் பட்டுவோடு உட்கார்ந்து, தன் சால்வையை அதன் மேல் போட்டுப் பிடித்துக்கொண்டது. டக்ளஸ் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "ஏனக்கா, சம்பந்தி வீட்டுக்குப் போற மாதிரி இருக்கே" என்றார்.

சசிகலா டாக்டர் நல்ல மாதிரி. கிளினிக்கில் வெளிநாட்டு நாய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அவற்றின் ஆட்கள் எங்களைப் பார்த்த பார்வையில் யாரைப் பார்த்து முகம் சுளித்தார்கள், பட்டுவையா, அம்மாவின் மண் அப்பிய செருப்பையா, தெரியவில்லை. இரண்டும்தான்.

நுரையீரலில் சளி. ஊசி, ஐந்து நாளைக்கு மருந்து. எடை கூடுதல், குறைக்கணும்; கண்ணைச் சுற்றிக் கொழுப்பு ஏறினால் பார்வையே மறைந்துவிடும் என்றார். நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, அதற்கு மேலும் இருக்குமாம். "இனிமே குளிர்ல விடாதீங்கம்மா. உடம்பு சூடா இருக்கணும். அதுதான் முக்கியம்."

"தலைக்கு எண்ணெய் வைக்கலாமுங்களா டாக்டரம்மா?" என்று அம்மா கேட்டது. டாக்டர் சிரிக்காமல், "வேணாம்மா" என்றார். அதற்காகவே அவரைப் பிடித்துப்போனது.

ஆனால் ஒன்று. பட்டுவின் நெஞ்சில் குழலை வைத்து டாக்டர் எவ்வளவு நேரம் கேட்டார்! அம்மாவும்தான் மழைக்காலம் முழுக்க இருமுகிறது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் எட்டிப் பார்த்து ஒரே வெள்ளை மாத்திரை. காய்ச்சலுக்கும் அதுதான், முட்டிவலிக்கும் அதுதான். இந்த லைனில் ரிட்டையர் ஆகிப் பத்து வருஷம் உயிரோடு இருந்தவர்கள் யார்? யோசித்துப் பார்த்தேன். ஒருத்தர்கூட ஞாபகத்துக்கு வரவில்லை.

டிசம்பர் 15

இருமல் நின்றுவிட்டது. அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கு விரித்து அம்மா அதன் படுக்கையை உள்ளேயே போட்டுவிட்டது. நான் வாசல் பக்கம் தள்ளப்பட்டேன்.

டிசம்பர் 29

உறைபனி ஆரம்பித்துவிட்டது. காலையில் தேயிலை மேலே உப்புத் தூவின மாதிரி. வெயில் ஏறினால் கொழுந்தெல்லாம் கருகும். கருகினால் வேலை இல்லை. டூரிஸ்ட் மட்டும் ரோட்டில் வண்டியை நிறுத்திப் புல்லைக் கையில் எடுத்து போட்டோ எடுக்கிறார்கள். 'காஷ்மீர் மாதிரியே இருக்குல்ல' என்று ஒருத்தி. எங்களுக்கு அது கூலி போவது.

ஜனவரி 10, வெள்ளி

கடை ஓனர் பாலமுருகன் சார் ஊட்டிக் கடைக்கு வரச் சொல்கிறார். பொங்கல் கூட்டம் முடிகிற வரைக்கும் அங்கேயே தங்கணுமாம். "லீவுன்னா நிரந்தரமா எடுத்துக்கம்மா மோனிகா" என்றார், சிரித்துக்கொண்டே. சாக்லேட் விற்கிற வாய்.

பனி அதிகமானதில் பட்டு திரும்பவும் இரண்டு தடவை இருமியது. அம்மாவிடம் மருந்தைக் காட்டிவிட்டேன். "நீ போ. ஒன்னை வளத்தவளுக்கு இதை வளக்கத் தெரியாதா?"

ஜனவரி 14

பொங்கல். நாள் முழுக்க நின்று பில் போட்டேன். கால் வீங்கிவிட்டது. அம்மாவோடு போனில் பேசினேன். பட்டு சரியாகச் சாப்பிடாமல் இருந்ததாம், இப்போது வெளுத்துக்கட்டுகிறதாம். "வாய் செத்துப் போச்சு அதுக்கு. கருவாட்டுக் கொழம்பு ஊத்திப் பெசைஞ்சு குடுத்தேன். கஞ்சிக்கு எலுமிச்சை ஊறுகா. தட்டை நக்குது பாரு!"

சிரித்தேன். 

ஜனவரி 17, வெள்ளி

சாயங்காலம் வந்து சேர்ந்தேன். பட்டு என்னைப் பார்க்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டேன் — திரும்பவில்லை. மூலைச் சுவரில் நெற்றியை வைத்து அழுத்திக்கொண்டே நிற்கிறது. நகர்ந்தால் ஒரே பக்கமாகச் சுற்றுகிறது. அடுப்பில் இடித்துக்கொண்டது, சுட்டதுகூடத் தெரியவில்லை. கண் திறந்துதான் இருக்கிறது.

தண்ணீர்த் தட்டைக் காணோம்.

"எங்கம்மா தட்டு?"

"வாசல்ல வச்சது மேல கண்ணாடி மாதிரி ஒறைஞ்சு கெடந்துச்சுடி. எடுத்து வச்சிட்டேன். டாக்டரம்மா சூடா வச்சிக்கச் சொல்லுச்சுல்ல? நெஞ்சுச் சளியோட ஜில்லுத் தண்ணியக் குடிச்சா என்னாத்துக்கு ஆகும்? நீ சின்னதுல இருமுனா ஒனக்கே நான் தண்ணி குடுக்க மாட்டேன். கஞ்சிதான்."

எத்தனை நாளாக என்று கேட்டேன். நீ போனதிலிருந்து என்றது. பெருமையாகத்தான் சொன்னது.

வாளி நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன். வாயைத் தண்ணீரில் பிடித்து வைத்ததும் தலையைத் தூக்கவே இல்லை, அடிவரைக்கும் குடித்தது. கொஞ்சம் நிம்மதி. விடிந்ததும் டக்ளஸ் அண்ணன் வருகிறார்.

ஜனவரி 18

போச்சு.

ஜனவரி 19, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதாவிட்டால் வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

நேற்றுக் காலை வண்டியில் ஏற்றும்போதே வலிப்பு வந்தது. நாய் மாதிரிப் பின்காலில் உட்கார்ந்து, தலை பின்னால் இழுத்து, கால் உதறி, அப்புறம் அடங்கும். கொஞ்சம் தூரம் போனதும் மறுபடியும். அம்மாவால் வர முடியவில்லை. பனியில் கருகாத தேயிலைக் காட்டில் நேற்று ஒரு நாள்தான் வேலை இருந்தது; வராதவர்களுக்கு அடுத்த வாரமும் இல்லை என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். ரோட்டோரம் கூடையோடு நின்று பார்த்தது. நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். டக்ளஸ் அண்ணன் ஒவ்வொரு வளைவிலும் பார்த்துப் பார்த்து ஓட்டினார்.

டாக்டர் என்ன சாப்பிட்டது என்று கேட்டார். சொன்னேன். முகம் மாறியது.

"உப்பும்மா. தண்ணி இல்லாம உப்பு மட்டும் உள்ள போயிட்டே இருந்தா மூளையைப் பாதிக்கும். பன்னிக்கு இது ரொம்ப சீக்கிரம் வரும். தண்ணி எப்ப குடுத்தீங்க?"

"நேத்து சாயங்காலம்."

"எவ்வளவு?"

"ஒரு வாளி."

அவர் கையுறையைக் கழற்றினார். "கொஞ்சம் கொஞ்சமா குடுத்திருக்கணும். நாள் முழுக்கப் பிரிச்சு, வாய் நனையிற அளவுக்கு. காஞ்சு கெடந்த மூளை ஒரேயடியா வீங்கிரும்." அப்புறம், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க குடுக்கலைன்னாலும் பொழைச்சிருக்கும்னு சொல்ல முடியாதும்மா."

சொல்ல முடியாது. அது போதுமா எனக்கு? உப்பு கொன்னுச்சா, தண்ணி கொன்னுச்சா? அம்மாவா, நானா? என்ன மசுரு படிப்பு படிச்சேன் நான்? பி.எஸ்ஸி. பன்னி எத்தனை வருசம் வாழும்னு ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தேனே, எப்படிச் சாகும்னு ஒரு தடவ தேடிப் பாத்தேனா?

கடைசி ஊசியை அவர்தான் போட்டார். வயிற்றைச் சொறிந்துகொண்டே இருந்தேன். சாய்ந்து கொடுத்தது. அது எனக்காகவா, மருந்தாலா, தெரியாது.

திரும்பி வந்தபோது அம்மா காட்டிலிருந்து இறங்கி வந்து கீழ்ரோட்டிலேயே நின்றது. தேயிலைச் செடி கீறாமலிருக்க இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. வண்டியில் போர்த்தியிருந்ததைப் பார்த்துவிட்டது. அழவில்லை. போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டுக் கேட்டது:

"அதுக்கு அவ்வளவுதான் வயசாடி?"

நான் யாருக்கும் எதையும் மழுப்பிச் சொல்கிறவள் இல்லை. சூப்பர்வைசர் மூஞ்சிக்கு நேரே பேசியவள். அந்த வாயால்தான் சொன்னேன்.

"ஆமாம்மா. இந்தக் கலப்பு வகைக்கு நாலு வருசந்தான் ஆயுசாம். டாக்டர் சொன்னாங்க."

அம்மாவின் தோள் கீழே இறங்கியது. "நல்லவேளைடி. கடைசியா வாய்க்கு ருசியா நாலு வாய் தின்னுட்டுப் போச்சு."

ஜனவரி 20

புதைத்த கதை. எழுதவில்லையே.

மூன்று தலைமுறை இங்கே கிடக்கிறோம், ஒரு பன்றியைப் புதைக்கச் சொந்தமாக ஆறடி இல்லை. லைனுக்குப் பின்னால் எல்லாம் எஸ்டேட் நிலம், கேட்காமல் தோண்டக்கூடாதாம். கேட்டால் 'பன்னியா, தூக்கிக் காட்டுல போடு' என்பார்கள். மருதமுத்து மாமா யாரையும் கேட்கவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடைக்கரைக்கு இறங்கினார். மேலே பனியில் இறுகிக் கிடந்த மண். அவரே தோண்டினார், நான் அள்ளிப் போட்டேன். கறியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசினால் அடித்துவிடுவேன் என்று காத்துக்கொண்டிருந்தேன். பேசவில்லை. இறக்கும்போது தலையைத் தன் கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 26

குடியரசு தினம். எஸ்டேட் ஆபீசில் கொடி, மிட்டாய். அம்மா இரண்டு மிட்டாயை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, வாசலில் நின்று யோசித்தது. பிறகு இரண்டையும் என்னிடம் கொடுத்தது.

பிப்ரவரி 2

யாருக்காகப் பொய் சொன்னேன்? அம்மாவுக்காக என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் வாளியையும் சொல்ல வேண்டும். அந்த வாளியைச் சொல்லாமலிருக்கத்தானா? இரண்டும் இருக்கும். பிரித்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் சொல்லி என்ன? தன் பிள்ளைக்குச் செய்ததைத்தான் செய்தது. நெஞ்சுச் சளிக்குக் கஞ்சி, வாய் செத்தால் கருவாடு. டாக்டர் பார்க்காத லைனில் எங்களை உயிரோடு வைத்திருந்த வைத்தியம் அதுதான். வேறு ஒன்றை யார் வந்து அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்?

பிப்ரவரி 16, ஞாயிறு

தண்ணீர் வந்தது. அம்மாவும் நானும் குடத்தோடு குழாயடியில் நின்றோம். முன்னால் மருதமுத்து மாமா. அவர் பேத்திக்கு யாரோ பன்றிக்குட்டி தருகிறேன் என்றார்களாம், அவள் ஒரே அழுகையாம், அறுக்கக்கூடாது, வளர்க்கணும் என்று.

அம்மா குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு சொன்னது: "வளக்கலாம்ண்ணே, ஆனா மனசைத் தேத்திக்கணும். நாலு வருசந்தான் அதுக ஆயுசு. நாம என்னா பாத்தாலும் அதுக்கு மேல இருக்காது. எம்மக படிச்சவ, அவளே டாக்டர்கிட்ட கேட்டுட்டு வந்தா."

மாமா என்னைப் பார்த்தார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என் வாயால் எத்தனையோ தடவை பதினைந்து, பதினைந்து என்று கேட்டவர். நான் குழாயைப் பார்த்தேன்.

"ஆமா வேலாயி," என்றார் அம்மாவிடம். "அவ்வளவுதான் இருக்கும். நானும் பாத்துருக்கேன்ல."

அவர் குடம் நிறைந்துவிட்டது. எடுக்காமல் நகர்ந்து, அம்மாவின் குடத்தை முதலில் வைக்கச் சொன்னார்.