ஒரு கால் மட்டும்

ஆமாம், எண்ணெயைச் சுட வைத்தது நான்தான். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

இன்று காலை தேங்காய் கீறும்போது விரலை வெட்டிக்கொண்டேன். கட்டுத்துணிச் சுருளைப் பிரித்ததும் வெளுத்த பருத்தியின் வறண்ட மணம். வேலை முடிந்து வரும்போது உன் தலைமுடியில் இருந்த மணம். இந்தத் துணியைத்தான் ராஜபாளையத்தில் நாளெல்லாம் நின்றபடி வெட்டி, சுருட்டி, உறையில் போட்டுக்கொண்டிருந்தாய்.

ஒரே பள்ளியில்தான் படித்தோம். நீ பத்தாவதோடு நின்றாய். நான் எம்.ஏ. நம் தெருவில் யாருக்கு எந்தக் காகிதம் வந்தாலும் என்னிடம்தான் வரும். உன்னுடையதும் வந்தது.

உனக்கு லூபஸ் என்று தெரிந்து அப்போது ஒரு வருடம். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்கள் உடம்பையே தாக்கும் நோய். மூட்டு வலி, கன்னமெல்லாம் சிவப்பு. "ரோஸ் பவுடர் செலவு மிச்சம்ட்டி" என்பாய். கடைவாய்ப்பல் பிடுங்கப் போன இடத்தில் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ரத்தம் உறைய வழக்கத்தைவிட நேரமாகிறது என்று வந்தது. உன் லூபஸ் மருத்துவரிடம் காட்டிவிட்டு வரச் சொல்லிப் பல் மருத்துவர் அனுப்பிவிட்டார்.

நான் படித்துப் பார்த்தேன். "ரத்தம் லேசா இருக்கு, அம்புட்டுதான். இனி உனக்கு அடைப்பு, கட்டி எதுவும் வராது." தீர்ப்பு மாதிரி சொன்னேன். நீ காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டாய். லீவு கிடைக்கும்போது போகலாம் என்று.

இரண்டு வாரம். உன் இடது கால் வீங்கியது.

"நின்னு நின்னு வேலை பாக்கால்ல, நீர் கோத்திருக்கும்" என்றார் உன் அம்மா. "செத்த நேரம் தேச்சு விடு, வடிஞ்சிரும்." அதற்குத்தான் எண்ணெய். என் உள்ளங்கையில் இளஞ்சூடு. உன் கெண்டைக்கால் ஒரு சாண் தூரத்தில்.

"ஏட்டி, தொடாத."

"ஏன், கூச்சமா?"

"கைய எடுங்கேன்லா. எங்க டேபிள்ல பதினாலு பேரு நிக்கோம். சாயங்காலம் எல்லாத்துக்கும் கால் வீங்கும். ரெண்டு காலும் வீங்கும். எனக்கு ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கு. தொட்டா சுடுது."

"ரிப்போர்ட்ல தெளிவாப் போட்டிருக்கே. கட்டி எப்பிடி வரும்?"

"நீ பேப்பரப் பாத்த. நான் காலப் பாக்கேன். ஆட்டோவக் கூப்பிடு."

ஸ்ரீவில்லிபுத்தூரில் உன் மருத்துவர் இருந்தார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். கெண்டைக்காலின் ரத்தக் குழாயில் கட்டி.

"எண்ணெய் போட்டு நீவினீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றாய்.

"நல்லவேளை. கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போயிருந்தா உயிருக்கே ஆபத்து."

நீ என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே பார்க்காமல் இருந்தாய் என்பது எனக்குத் தெரிந்தது. எண்ணெயைப் பற்றி அன்றும் சொல்லவில்லை, பிறகும் யாரிடமும் சொல்லவில்லை.

பல்லுக்காக எடுத்த அறிக்கையை அப்போதுதான் அவர் பார்த்தார். லூபஸ் உள்ள சிலருக்கு ஒருவகை எதிர்ப்பொருள் இருக்கும், பரிசோதனைக் குழாயில் அது ரத்தத்தை உறைய விடாமல் இழுத்தடிக்கும், உடம்புக்குள் நேர்மாறாக உறைய வைக்கும் என்றார். நான் இரண்டு முறை விளக்கம் கேட்டேன். உனக்கு ஒருமுறை போதுமாக இருந்தது.

"குழாய்க்குள்ள சாமியாரு, உடம்புக்குள்ள ரவுடி. அப்பிடித்தானே டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். அடுத்த நோயாளிக்கு அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

எதிர்ப்பொருள் பரிசோதனை. பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடியும். தற்காலிகமாக வந்து போவதும் உண்டாம். உன்னுடையது போகவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, விடாமல். அளவு சரியா என்று பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை. ஒருமுறைகூட நீ தவறவிடவில்லை. காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் யார் லூபஸ் என்றாலும் விடமாட்டாய். "அந்த ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்தாச்சாக்கா? இருந்தாலே கட்டி வந்துரும்னு இல்ல. ஆனா இருக்கான்னு தெரிஞ்சு வச்சுக்கிடணும். டாக்டர்ட்ட கேளுங்க." சேத்தூரிலிருந்து வந்த ஓர் அக்கா, "நீ நர்ஸாம்மா?" என்றார். "பாண்டேஜ் கம்பெனி" என்றாய், அதுவும் ஒரு மருத்துவப் பட்டம் போல.

ஆறு வருடம். மறுபடி ஒரு கட்டி வரவில்லை. கடைசியில் லூபஸ் உன் சிறுநீரகங்களை எடுத்துக்கொண்டது. அங்கே நாம் தோற்றோம். காலில் தோற்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் இதை நான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அழுதுகொண்டே பெருமையடித்த ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வருகிறது. அது பாடத்திட்டத்தில் கிடைத்ததில்லை. "நீ பேப்பரப் பாத்த." அந்தக் குரல் தந்தது.

இன்று பதினோரு மணிக்கு எங்கள் அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் சுந்தரபாண்டியம் ஊர்ப் பெண் ஓர் அறிக்கையோடு வந்தாள். அவளுக்கும் லூபஸ். "ரத்தம் உறைய லேட்டாகுதாம் மேடம். நீங்க படிச்சவங்க. அப்ப அடைப்பு வராது, நல்லதுதானே?"

நான் காகிதத்தை வாங்கவில்லை. "கால்ல வீக்கம் இருக்கா? மூச்சு வாங்குதா?" இல்லை என்றாள். நல்லதா என்று எனக்குத் தெரியாது, இன்றைக்கே மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்றேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றாள்.

பிற்பகல் வகுப்புக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அவளோடு போனேன்.