நல்லாத்தான் இருக்கேன்

அம்மா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்று நடந்தது. பயப்படாதே, நல்லபடியாகத்தான் முடிந்தது. தூக்க மாத்திரையை அளவுக்கு மீறி விழுங்கிய ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். "மறதியில ரெண்டு கூடப் போட்டுட்டா, சிஸ்டர்" என்றார் கணவர். மாத்திரைக் கணக்கில் உறவுக்காரர் பேச்சை நாங்கள் நம்புவதில்லை. அவர்மேல் எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது. மூச்சுவிட வாயில் போட்டிருந்த குழாயை எடுத்த பிறகும், அவளைக் கேட்டதற்கெல்லாம் அவரே முந்திக்கொண்டு பதில் சொன்னார். சீப்பு வாங்கிவரச் சொல்லி அவரை வெளியே அனுப்பினேன்.

"அவர் ஏதாவது செஞ்சாரா?"

"ஐயோ, அவருக்கு ஒண்ணுமே தெரியாது" என்றாள், கரகரத்த குரலில். "தினமும் கேட்பார். நல்லா இருக்கேன்னே சொல்லிட்டிருந்தேன்."

அவர் மூன்று சீப்போடு வந்தார். "எது பிடிக்கும்னு தெரியல, சிஸ்டர்."

இப்படி வருபவர்களில் பலர் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே என்ன ஆகிறார்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரிவதில்லை.

அன்றிலிருந்து, போனில் நீ "எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்" என்றால் நான் நம்புவதில்லை. அப்பா போன பிறகு டாக்டர் எழுதிக்கொடுத்த தூக்க மாத்திரையை அக்காவிடம் கொடுத்துவிடு. வேண்டும்போது அவள் எடுத்துத் தரட்டும். முகம் தெரிகிற மாதிரி வீடியோவில் பேசு. என் பழைய போர்வையை யாரிடமாவது கொடுத்தனுப்பு, துவைக்காமல், வீட்டு வாசம் போகாமல்.

டியூட்டிக்கு நேரமாகிவிட்டது. மேலே நலம் என்று எழுதியிருக்கிறேனே, அதை நீயும் அப்படியே நம்பிவிடாதே.

உன் சின்னவள்